ஜோய்ஸ் வீலண்டும் நமது நினைவு மலர்களும்

(ஸ்காபரோவில், இளம் தமிழ் வடிவமைப்பாளர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்யாண அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை, அரங்கேற்ற மலர், தேர்தல் துண்டுப்பிரசுரம், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என்று இந்த நகரத்துத் தமிழர் கண்ணில் படுகிற அச்செழுத்தில் பெரும்பகுதி உங்கள் கணினிகளிலிருந்துதான் வெளியே வருகிறது. நானும் அதே மேசையில் இருந்து பிழைத்தவன். பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவைத் தட்டித் தட்டி விரல் தேய்ந்த தலைமுறை என்னுடையது. அதனால், இளையவர்கள் தனியே வந்து கேட்கிற ஒரு கேள்வி எனக்கு நன்றாகப் பழக்கம். "இதெல்லாம் மற்றவர் சொல்லிச் செய்கிற வேலை. எனக்கென்று ஒன்று செய்ய ஆசையாக இருக்கிறது. இந்த வேலையை விட்டால்தான் அது வருமா?"

வேலையை விடத் தேவையில்லை என்பது என் எண்ணம். மற்றவருக்காக உழைத்த கையில் ஏறிய பழக்கமும், உழைத்து முடிந்தபின் மேசையில் மிஞ்சிய துண்டும் எங்கே சேர்கின்றனவோ, அங்கேதான் உங்களுக்கென்று ஒன்று தொடங்குகிறது. வெறும் ஆறுதலாக இதைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் இதே நகரத்தில் பிறந்து, பொதிகளுக்கு உறை வரைந்து சம்பளம் வாங்கி, பிறகு கனடாவின் மிக முக்கியமான கலைஞர்களில் ஒருவராக ஆன ஒரு பெண்ணின் பாதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஜோய்ஸ் வீலண்ட் 1930 ஆம் ஆண்டு ரொறன்ரோவில் பிறந்தார். பெற்றோர் பிரித்தானியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். இருவரும் அவருடைய சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். அக்காவும் அண்ணனும்தான் வளர்த்தார்கள். அந்த அக்காவின் பெயர் ஜோன். அந்தப் பெயரை மனதில் வைத்திருங்கள், பிறகு வருவார்.

பத்தேர்ஸ்ட் தெருவும் ஹார்போர்ட் தெருவும் சந்திக்கிற இடத்தில் இன்றும் இயங்குகிற சென்ட்ரல் டெக்னிக்கல் பாடசாலையில் ஆடை வடிவமைப்புப் படிக்கத்தான் ஜோய்ஸ் சேர்ந்தார். கைத்தொழில் ஒன்று இருந்தால் சோறு கிடைக்கும் என்ற கணக்கு. அங்கே ஓவியம் கற்பித்த டொரிஸ் மக்கார்த்தி அவருடைய கையைப் பார்த்துவிட்டு, கலைப் பிரிவுக்கு மாறும்படி சொன்னார். ஸ்காபரோவில் இருக்கிற உங்களுக்கு டொரிஸ் மக்கார்த்தி என்ற பெயர் புதிதாக இருக்காது. ஸ்காபரோ மலைமுகட்டின் ஓரத்தில் வீடு கட்டி வாழ்ந்து, நூறு வயதில் 2010 இல் மறைந்த ஓவியர். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் இருக்கிற கலைக்கூடத்துக்கு அவர் பெயர்தான். ஒரு மாணவியை இனங்கண்டு வகுப்பு மாற்றியதற்காகவே அந்த ஆசிரியருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

1948 இல் படிப்பு முடிந்தது. முதலில் பொதிகளுக்கும் உறைகளுக்கும் வடிவமைப்புச் செய்யும் வேலை. 1953 இல் கிராபிக் அசோசியேற்ஸ் என்ற அசைபட நிறுவனத்தில் சேர்ந்தார். அதை நடத்திய ஜோர்ஜ் டனிங் பின்னாளில் பீற்றில்ஸ் பாடகர்களின் 'யெலோ சப்மரீன்' படத்தை இயக்கியவர். அங்கேதான் மைக்கல் ஸ்னோவைச் சந்தித்து 1956 இல் மணந்தார். ஈட்டன் சென்ரரின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே பறந்துகொண்டிருக்கும் வாத்துகளைச் செய்த அதே ஸ்னோ. ஜோய்ஸின் கதை பல இடங்களில் ஸ்னோவின் மனைவியின் கதையாகச் சுருங்கிப்போனது. அதை நான் இங்கே செய்யப்போவதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ஒரு பெண் தன் இருபதுகளில் என்னென்ன கற்றிருக்கிறார்? துணியை அளந்து வெட்டவும் தைக்கவும் அடித்தளம் கிடைத்திருக்கிறது. ஒரு பொதியின் மேல் எந்த எழுத்து எந்த அளவில் நின்றால் கடைக்கு வருபவர் கண்ணில் படும் என்று தெரிந்திருக்கிறது. அசைபடத்தில், ஒரு சட்டகத்துக்கு அடுத்த சட்டகம் எப்படி வர வேண்டும் என்ற கணக்குக் கைவந்திருக்கிறது. மூன்றுமே சம்பளத்துக்காகக் கற்றவை.

1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் கன்வஸில் வண்ணத்தோடு துணித்துண்டுகளையும் ஒட்டத் தொடங்கினார். ஏவ் ஐசக்ஸ் நடத்திய ஐசக்ஸ் கலைக்கூடம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. பிறகு கணவரோடு நியூயோர்க் போனார். வியட்நாம் போர் நடந்த காலம். 1966 இல் அவர் செய்த சில படைப்புகளைப் பாருங்கள்: ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக்கை உறை உறையாகத் தைத்து, உள்ளே பத்திரிகைத் துணுக்குகளையும் படங்களையும் பஞ்சையும் அடைத்து, ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டார். அவற்றில் ஒன்றின் பெயர் 'ஸ்டப்ட் மூவி'. சினிமாச் சுருளைப் போல மேலிருந்து கீழே சட்டகம் சட்டகமாக ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு சட்டகமும் ஒரு பொதி. பொதிக்கு உறை வரைந்த கையும் அசைபடத்துக்குச் சட்டகம் வரைந்த கையும் அந்தப் பிளாஸ்ரிக்கில் ஒன்றாகிவிட்டன. கடையில் சாமான் விற்கப் பயன்பட்ட அதே பளபளப்பில் போர்ச் செய்தியை அடைத்துத் தொங்கவிடுவதற்கு, பளபளப்பு எப்படி வேலை செய்யும் என்று உள்ளிருந்து தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது.

ஐரோப்பாவில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. பெர்லினில் ஹன்னா ஹொக் உல்ஸ்ரைன் என்ற பெரிய பதிப்பு நிறுவனத்தில் 1916 தொடக்கம் பத்து ஆண்டுகள் தையல், பின்னல் மாதிரிகளை வரைந்தவர். அதே பதிப்பகத்தின் சஞ்சிகைகளை வெட்டித்தான் உலகம் இன்று பேசுகிற புகைப்பட ஒட்டோவியங்களைச் செய்தார்.

இனி அக்கா ஜோன் வருகிறார். 1968 இல் 'உணர்ச்சிக்கு மேலாக அறிவு' என்ற பொருள்பட ஒரு வாசகத்தைப் பெரிய வண்ண எழுத்துகளில் ஒட்டுத்துணிப் போர்வையாகச் செய்வித்தார் ஜோய்ஸ். அது பிரதமர் பியர் ட்ரூடோவின் வாசகம். ஆங்கிலத்தில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று. எழுத்துகளைச் சுற்றி இதயங்கள். எந்த உணர்ச்சியைக் கீழே தள்ளச் சொன்னார்களோ அந்த உணர்ச்சியே துணியாகவும் பஞ்சாகவும் வாசகத்தைச் சூழ்ந்து நிற்கிறது. வடிவமைப்பாளர் ஒருவர் எழுத்தாலும் பொருளாலும் செய்யக்கூடிய விவாதம் இது. ஒரு வரி விளக்கமும் தேவைப்படவில்லை. பிரெஞ்சுப் போர்வை ட்ரூடோவின் வீட்டில் தொங்கியது. கணவனோடு ஏற்பட்ட சண்டையில் அந்தப் போர்வையிலிருந்து எழுத்துகளைப் பிய்த்து எறிந்ததாக மார்கிரட் ட்ரூடோவே பின்னர் எழுதினார். ஜோய்ஸின் இத்தகைய போர்வை வேலைகளில் அக்கா ஜோன் ஸ்டுவர்ட்டின் கை முக்கியமானது. பின்னலுக்கும் தையல் சித்திரத்துக்கும் வேறு பெண்களையும் சேர்த்துக்கொண்டார். அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பிவிட்டு அச்சுக்காரரின் திறமையை நம்புகிற உங்களுக்கு இந்த வழி புரியும். வரைபவர் ஒருவர், தைப்பவர் ஒருவர் என்பது அவருக்குக் குறைவாகப் படவில்லை.

நமக்கும் இது அந்நியமான கலை இல்லை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பைகளையும் சீலைகளையும் நினைத்துப் பாருங்கள். துணியில் துணியை வெட்டி வைத்துத் தைத்த யாளியும் தாமரையும்தான் அவை. தேரை இழுத்தவர்கள் அந்தத் துணியைக் கலைக்கூடத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

1971 யூலை 1 ஆம் திகதி, இன்று கனடா தினம் என்று அழைக்கப்படும் நாளில், ஒட்டாவாவின் தேசிய கலைக்கூடத்தில் 'ட்ரூ பேற்றியட் லவ்' என்ற அவருடைய தனிக்காட்சி திறக்கப்பட்டது. உயிரோடிருக்கும் கனடியப் பெண் கலைஞர் ஒருவருக்கு அந்த நிறுவனம் இவ்வளவு பெரிய தனிக்காட்சி வைத்தது அதுவே முதல் தடவை. போர்வைகள், பின்னிய கொடிகள், ஆர்க்டிக் பெயர் சூட்டிய ஒரு பெரிய கேக், உயிருள்ள வாத்துகள்கூட அங்கே இருந்தன. எனக்கு அவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அந்தக் காட்சிக்காக வெளிவந்த நூல்.

கனடிய ஆர்க்டிக் தீவுகளின் தாவரங்களைப் பற்றி அரசு வெளியிட்ட ஓர் அறிவியல் நூலை ஜோய்ஸ் எடுத்துக்கொண்டார். அதன் பக்கங்களின் மேலேயே தன் படைப்புகளின் படங்களை வைத்தார். சிலவற்றை ஒட்டினார், சிலவற்றைத் தைத்தார், சிலவற்றைக் காகிதக் கவ்வியால் மாட்டினார். கையால் எழுதினார். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே புகைப்படம் எடுத்து அச்சடித்தார். அதனால் அச்சான பக்கத்தில் கவ்வியின் உலோகமும் நூலின் முடிச்சும் மேலே கிடக்கும் படத்தின் நிழலும் தெரிகின்றன. கீழே ஏதோ ஒரு வட துருவச் செடியின் விவரணை ஓடிக்கொண்டிருக்கிறது. நாட்டின் அதிகாரபூர்வமான அறிவின் மேல் ஒரு பெண்ணின் வீட்டு மேசை வந்து அமர்ந்த மாதிரி இருக்கும். இணைப்பை மறைக்கத் தெரிந்த ஒரு தொழில்முறை வடிவமைப்பாளர், மறைக்காமல் விட்டிருக்கிறார். அதுதான் இங்கே பெரிய முடிவு. அதற்கு மீண்டும் வருகிறேன்.

தொழிலறிவு எப்படிக் குரலாகிறது என்பதற்கு இன்னொரு வேலையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1970 இல் ஹலிபாக்ஸ் கலைக் கல்லூரியின் கல்லச்சுக் கூடத்தில் 'ஓ கனடா' என்ற அச்சுப்படத்தைச் செய்தார். உதட்டில் சிவப்புச் சாயம் பூசி, தேசிய கீதத்தின் அசைகளை ஒவ்வொன்றாக உச்சரித்துக்கொண்டு, அச்சுக் கல்லில் உதட்டைப் பதித்துக்கொண்டே போனார். கல்லச்சு இயங்குவது எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் ஒட்டாது என்ற விதியில். பசை பட்ட இடம் மையை ஏற்கும், ஈரமான இடம் விலக்கும். உதட்டுச் சாயமும் பசைதானே. அச்சு நுட்பம் அறிந்தவருக்கே இந்த யோசனை தோன்றும். படத்தில் ஒரு சொல்லும் இல்லை. வரிசை வரிசையாக உதடுகள் மட்டுமே பாடுகின்றன.

அவருடைய படைப்பைப் பார்க்க நீங்கள் கலைக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. ஸ்பதைனா சுரங்க ரயில் நிலையத்தின் கெண்டல் தெரு வாசல் பக்கம், கண்ணாடிக்குள் ஒரு பெரிய போர்வையில் கரிபு மான்கள் நிற்கின்றன. 1978 இல் அந்தப் பகுதி திறந்த காலத்தில் வைத்தது. வேலைக்குப் போகிற அவசரத்தில் பலர் அதைக் கடந்து போகிறோம். அல்சைமர் நோய் அவருடைய கடைசி ஆண்டுகளைப் பறித்துக்கொண்டது. 1998 யூனில் மறைந்தார். 2025 இல் மொன்றியல் நுண்கலைக் காட்சியகமும் நமது ஒன்ராறியோ கலைக்கூடமும் அவருடைய படைப்புகளை மீண்டும் பெரிய அளவில் திரட்டி வைத்தன. நேரில் பார்க்காதவர்கள் அந்தக் காட்சியின் நூலையாவது நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

"அவர் இங்கே பிறந்தவர், நாங்கள் வந்து சேர்ந்தவர்கள்" என்று யாராவது நினைத்தால், அதற்கும் இந்த நகரத்தில் பதில் இருக்கிறது. பஞ்சால் மன்சாராம் 1934 இல் ராஜஸ்தானின் அபு மலையில் பிறந்தவர். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்து, 1966 இல் கனடாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே, ஜோய்ஸின் படைப்புகளை வைத்த அதே ஐசக்ஸ் கலைக்கூடத்தில் கிழக்கும் மேற்கும் குறுக்கிடும் ஒரு நிகழ்வை நடத்தினார். ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ஷல் மக்லூகன் அவருக்கு நண்பரானார். 1951 இலேயே விளம்பரங்களை வெட்டி வைத்து அவற்றின் மேல் சிந்தனை எழுதிய ஒரு புத்தகத்தை வெளியிட்டவர் மக்லூகன். இருவரும் சேர்ந்து 'ரியர் வியூ மிரர்' என்ற ஒட்டோவிய வரிசையில் கை வைத்தார்கள். மன்சாராம் பாடசாலையில் ஓவிய ஆசிரியராக உழைத்துக்கொண்டே, இந்தியத் தெருவின் தெய்வப் படங்களையும் சினிமா முகங்களையும் வட அமெரிக்க விளம்பரங்களோடு சேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தார். ஒளிப்படப் பிரதி எந்திரத்தையும் தூரிகை மாதிரிப் பயன்படுத்தினார். நீண்ட காலம் பெரிய நிறுவனங்கள் அவரைக் கவனிக்கவில்லை. பிற்காலத்தில் றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைப் பெருந்தொகையாகச் சேகரித்தது. 2020 இல் அவர் காலமானார். குடிவந்தவருக்கு முழுப்படம் ஒன்று கிடைப்பது அரிது. கையில் இருப்பது துண்டுகள்தான். அதனாலேயே அவருக்கு ஒட்டோவியம் இயல்பான மொழியாக அமைந்தது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நமது மேசைக்கு வருவோம்.

நினைவு மலர் வேலை வருகிறது. ஒரு குடும்பம் பிளாஸ்ரிக் பையில் படங்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அடையாள அட்டையிலிருந்து பிரதி எடுத்த முகம், ஊர்க் கோயில் தேருக்கு முன்னால் எடுத்த மங்கலான படம், பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் கதிரையில் இருக்கிற படம். அவற்றோடு ஒரு தேவாரம், வம்ச வரிசை, பிள்ளைகளின் கவிதை, நன்றி நவிலல். இரண்டு மூன்று நாளில் அச்சுக்குப் போக வேண்டும். இதை நாம் வேலை என்று மட்டும் பார்க்கிறோம். யாழ்ப்பாணத்தில் தொடங்கி, கொழும்பிலும் சென்னையிலும் நின்று, மோர்ணிங்சைட்டில் முடிந்த ஒரு வாழ்க்கையைப் பதினாறு பக்கத்துக்குள் துண்டுகளாக வைத்துப் படிக்கத் தருகிறோம். இதைவிடப் பெரிய ஒட்டோவியத்தை எந்தக் கலைக் கல்லூரி உங்களுக்குப் பயிற்சியாகத் தரப்போகிறது?

இன்னொரு வேலையும் வரும். திருமணப் படத்தில் அப்பா இல்லை. வீசா கிடைக்காமல் இருக்கலாம், காணாமற்போனவராக இருக்கலாம். கடவுச்சீட்டுப் படத்தைத் தந்து, "தம்பி, இவரை அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கப் பண்ணித் தாரும்" என்கிறார்கள். இந்த ஆசை பழையது. ராஜஸ்தானின் கோயில் நகரமான நாத்துவாராவில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே யாத்திரிகரின் புகைப்பட முகத்தை வெட்டி, தெய்வத்தின் முன் கைகூப்பி நிற்கும் வரைந்த உடலில் ஒட்டிக் கொடுத்தார்கள். நாம் போட்டோஷொப்பில் ஓரத்தை மென்மையாக்கி, வெளிச்சத்தைச் சரிசெய்து, தோளுக்குப் பின்னால் ஒரு நிழலையும் போட்டு, அப்பாவை அங்கே நிற்க வைக்கிறோம். இணைப்புத் தெரியக் கூடாது. தெரியாமல் செய்வதே அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்கிற மரியாதை. அதை முழு மனதோடு செய்யுங்கள்.

அதே படத்தை உங்களுக்காகச் செய்யும்போது வெட்டிய ஓரத்தை விட்டுவையுங்கள். கடவுச்சீட்டுப் படத்தின் வெள்ளைப் பின்னணி, முத்திரையின் கால்வாசி வட்டம், கத்தரித்த கோணல் எல்லாம் தெரியட்டும். அப்பா அங்கே நிற்கவில்லை என்பதையும், நிற்க வேண்டும் என்று வீடு முழுக்க ஏங்கியது என்பதையும் அந்த ஓரம் ஒன்றாகச் சொல்லும். ஜோய்ஸ் அந்தத் தாவர நூலில் கவ்வியையும் நிழலையும் விட்டுவைத்ததன் பொருள் எனக்கு இந்த வேலையின் வழியாகத்தான் விளங்கியது. இணைப்பை மறைக்கப் பழகாத கைக்கு, அதைக் காட்டுவதன் கனம் முழுதாகத் தெரியாது. தொழில் உங்களுக்குத் தந்திருக்கிற பெரிய சொத்து இது.

இணைப்பைக் காட்டுவதற்கு நம்மவரிடமே உதாரணம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' நூலைப் பாருங்கள். தோம்பு என்றால் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கோடாக வரைந்து கொடுத்தார்கள். அதே வீடு கட்டடக் கலைஞரின் வரைபடமாகவும் ஓவியரின் சித்திரமாகவும் அடுத்தடுத்து வருகிறது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களில்தான் அந்த வீடுகள் உயிரோடு இருக்கின்றன. கோப்பு ஒன்றின் தோற்றத்தில் இவ்வளவு துயரத்தை வைக்க முடியும் என்று காட்டிய நூல் அது.

செய்முறை பற்றிக் கொஞ்சம். கருப்பொருளை முதலில் தீர்மானிக்காதீர்கள். வாடிக்கையாளர் வேலையில் அது கட்டாயம், இங்கே தேவையில்லை. கடைவாசலில் இலவசமாகக் கிடக்கும் தமிழ்ப் பத்திரிகை, பலசரக்குக் கடைத் துண்டுப்பிரசுரம், அம்மாவின் நீல வான்கடிதம், பிழையாக அச்சாகித் திரும்பி வந்த அழைப்பிதழ் என்று சேருங்கள். எதை வெட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கவனியுங்கள், உங்கள் விஷயம் அங்கே இருக்கும். அடுக்கிப் பார்த்து ஓர் இரவு விட்டுவையுங்கள், பிறகு ஒட்டலாம். பத்திரிகைக் கடதாசியில் மரத்தின் லிக்னின் மிஞ்சியிருப்பதால் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகிப் பொடிந்துபோகும். நல்ல கடதாசியில் பிரதி எடுத்து அதை வெட்டுங்கள். வான்கடிதத்தை ஒருபோதும் வெட்ட வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்னோவின் வாத்துகளுக்கு நத்தாருக்காகச் சிவப்பு ரிப்பன் கட்டியபோது, தன் படைப்பின் இயல்பு கெட்டது என்று அவர் ஒன்ராறியோ நீதிமன்றத்துக்குப் போய் 1982 இல் வென்றார். படைப்பாளியின் தார்மிக உரிமைக்கு இந்த நாட்டில் அது ஒரு முன்னோடித் தீர்ப்பு. மறுபக்கத்தில், 2012 இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், வெளியான படைப்பைக் கொண்டு வணிக நோக்கமில்லாமல் புதிய படைப்புச் செய்யும் தனிமனிதருக்குச் சில நிபந்தனைகளோடு இடம் தருகிறது. விற்கப் போகிறீர்கள் என்றால் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள். குடும்பங்கள் நம்பித் தந்த படங்களுக்குச் சட்டம் மட்டும் போதாது. நேரே கேளுங்கள். வேண்டாம் என்றால் தொடாதீர்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவருவது உங்களுக்குத் தெரியும். நினைவு மலர்களும் அதில் இருக்கின்றன. இங்கே நாம் செய்கிற மலர்களில் எத்தனை அங்கே போய்ச் சேர்கின்றன? அச்சானதும் குடும்பத்தின் சம்மதத்தோடு ஒரு பிரதியை அனுப்பிவையுங்கள். அனுப்பும்போது பின்பக்கத்தில் வடிவமைத்தவரின் பெயர் இருக்கட்டும். நம்மில் பலர் அடக்கத்தினால் அதைப் போடுவதில்லை. யார் எதை எதற்குப் பக்கத்தில் வைத்தார், எந்தப் படத்துக்கு முழுப் பக்கம் கொடுத்தார் என்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாணவி தேடிப் பார்க்கக்கூடும். அவளுக்கு உங்கள் பெயர் வேண்டும்.